வாசற்கதவின் இடுக்கு



சென்ற முறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை வாசற்கதவைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரசருக்கு என்ன வந்தது, மாத்திரையை விட்டுட்டு ஆசாரி வேலை சொல்ல வந்துட்டாரு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் லயத்து வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது சமையல்கட்டையோ கக்கூசையோ அல்ல, கதவின் அடியைத்தான். இந்தப் பழக்கம் எனக்கு வந்த கதையில் என் தப்பும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், கடைசி லயத்துக் கோடி வீட்டில் ஒரு பால்வெட்டுக் குடும்பம் இருந்தது. முன்கதவு கோணிப்போய், தாழ்ப்பாள் பக்கம் தரையில் உரசிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கைவேலை தெரிந்தவர். ரம்பத்தை எடுத்துக் கதவின் அடியை அறுத்துவிட்டார். கதவு தாராளமாகத் திறந்தது, ஆனால் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்துவிட்டது. அந்த அம்மா என்னிடம், "ஐயா, ராத்திரியில எலி வருது. மழை பெஞ்சா தண்ணியும் உள்ள வந்துருது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு லயம் பார்க்க வேண்டியிருந்தது. "ஒரு சாக்கை மடிச்சு அடியில வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை, பிரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அந்த அம்மா கிளம்பியிருக்கிறார். தண்ணீர் போத்தலை மறந்துவிட்டார். அதைக் கொடுக்க ஓடிய ஏழு வயசுப் பிள்ளை, கதவை இழுக்க வசதியாக அந்தச் சாக்கை வெறுங்காலால் தள்ளியிருக்கிறாள். உள்ளே பூரான். ஒரு சாண் நீளம். டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தபோது கால் கணுக்கால் வரை வீங்கியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, வலிக்கு மருந்து கொடுத்து, மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளில் பிள்ளை நடமாடிவிட்டாள். ஆனால் தாய் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்: "நீங்க சொன்னதாலதானே ஐயா சாக்கு வச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

அன்று சாயங்காலமே போய் அந்தச் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஈரம், எலிப் புழுக்கை, எலி கடித்துக் குதறிய நார். எலியைத் தடுப்பதற்கு வைத்தது எலிக்குப் படுக்கையாக ஆகியிருந்தது. தோழர்களே, சாக்கு, பழைய கைலி, நியூஸ்பேப்பர், இவற்றைக் கதவடியில் திணிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஈரத்தையும் இருட்டையும் தேடி வருகிற பூரானுக்கும் தேளுக்கும் நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரிதான்.

எவ்வளவு இடுக்கு ஆபத்து?

சுண்டெலிக்கு கால் அங்குலம் போதும். அதாவது ஒரு பென்சில் நுழைகிற இடத்தில் அதுவும் நுழைந்துவிடும். எலிக்குட்டிக்கு அரை அங்குலம் போதும். தலை போனால் உடம்பும் போய்விடும். அதனால் "இவ்வளவு சின்ன சந்துல எலி எப்படிய்யா வரும்?" என்று கேட்காதீர்கள். உங்கள் சுண்டுவிரல் கதவடியில் நுழைந்தால் அது திறந்த வாசல்தான். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காட்டில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போதும், பக்கத்துக் கால்வாயைத் தோண்டும்போதும், அந்த எலியெல்லாம் எங்கே போகும்? லயத்துக்குத்தான் வரும்.

எலி வந்தால் அரிசி மூட்டை மட்டும் போவதில்லை. எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். நம் நாட்டில் இந்த நோயை 1920களிலேயே டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். 2010-ஆம் ஆண்டிலிருந்து, நோயாளி வந்தால் டாக்டர் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் இது சேர்ந்திருக்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அல்லது ஈரத்தரை, காலில் உள்ள வெடிப்பிலோ பால்கத்தி கீறிய காயத்திலோ பட்டால் கிருமி உள்ளே போகும். கண்ணிலும் வாயிலும் பட்டாலும் அப்படியே. மழைத்தண்ணீர் கதவடியில் புகுந்து, எலி ஓடிய தரையில் பரவி, அதில் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள்.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் கிருமி புகுந்து ஒன்று இரண்டு வாரத்தில் காட்டும். சில பேருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலைத் தொட முடியாத வலி, கண் சிவப்பு. இத்தோடு கண் மஞ்சளானாலும், மூத்திரம் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஒருவர் நாலு நாளாகச் சளிக்காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர். அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். அவர் வீட்டுக் கதவுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கால்வாயில் இறங்கி வேலை செய்கிறவர், காட்டிலும் நடக்கிறவர். எங்கே பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் உள்ள வழியையாவது நாம் அடைக்கலாமே.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நாகப்பாம்பு மட்டுமல்ல, கட்டுவிரியனும் ராத்திரியில் நடமாடுவது. அது கடித்தால் வலி அதிகம் தெரியாது. அதனால்தான் "எறும்பு கடிச்சிருக்கும்" என்று திரும்பவும் படுத்துவிடுகிறார்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் பிடிக்கவும் போகாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல், மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரிப்பவரிடம் போக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு போகட்டும்.

கொசுவைப் பற்றிக் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், டெங்கிக் கொசுவுக்குக் கதவு இடுக்கு முக்கியமான வழியல்ல. அது திறந்த சன்னலிலும் திறந்த கதவிலும் பகலிலேயே வரும்; வீட்டு வாளியிலும் பூச்சட்டித் தட்டிலும் பிறக்கும். கதவைச் சரிசெய்துவிட்டோம், டெங்கி வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

கதவு ஏன் கோணுகிறது?

இதுதான் முக்கியம். நான் அன்று சாக்கு வைக்கச் சொன்னது தப்பு. வீட்டுக்காரர் அடியை அறுத்ததும் தப்பு. இரண்டு பேருமே இடுக்கைப் பார்த்தோமே ஒழிய, கதவு ஏன் சாய்ந்தது என்று பார்க்கவில்லை. காய்ச்சல்காரனுக்கு நோய் என்னவென்று பார்க்காமல் மாத்திரை கொடுத்த மாதிரிதான்.

கதவின் பாரம் முழுவதையும் மேல்கீல்தான் இழுத்துப் பிடிக்கிறது. நாளடைவில் அந்தக் கீலின் திருகாணிகள் தளர்ந்துவிடும். பிள்ளைகள் கதவில் தொங்கி ஊஞ்சலாடினால் இன்னும் சீக்கிரம். மேல்கீல் நிலையிலிருந்து விலகியதும், கதவின் தாழ்ப்பாள் பக்கம் கீழே இறங்கும். உடனே தரையில் உரசும், தாழ்ப்பாள் துளையில் சேராது, தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையில் வெளிச்சம் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் நோய் மேல்கீலில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அடியை அறுத்தால், பின்பு கீலை முறுக்கிக் கதவு தன் இடத்துக்கு ஏறும்போது அடியில் பெரிய இடுக்கு நிற்கும். இன்னொன்று, மரக்கதவு மழைக்காலத்தில் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். மழையில் இறுகுகிறதென்று இழைத்துத் தள்ளினால், வெயில் காலத்தில் எலிக்குத் திருவிழாதான்.

ராத்திரியில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஒருவர் வெளியே நின்று டார்ச் லைட்டைக் கதவைச் சுற்றிப் பிடிக்கட்டும். நீங்கள் உள்ளே நின்று வெளிச்சம் தெரியும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தளர்ந்திருக்கிறது. ஆடாமல் இருந்தும் இடுக்கு கோணலாக இருந்தால், ஒரு கயிற்றில் போல்ட்டைக் கட்டி நிலையின் மேலிருந்து தொங்கவிடுங்கள். கயிற்றுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இல்லாவிட்டால் நிலையே சாய்ந்திருக்கிறது. அப்படியே நிலையின் அடிப்பகுதியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொலபொலவென்று உள்ளே போனால் கரையான் தின்றிருக்கிறது. சாய்ந்த நிலையும் கரையான் தின்ற நிலையும் உங்கள் வேலையல்ல, நிர்வாகத்தின் வேலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கீலைச் சரிசெய்வது

கதவின் அடியில் மரத்துண்டோ ஆப்போ வைத்துக் கதவை அதன் சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். இது இல்லாமல் திருகாணியைக் கழற்றினால் கதவு காலில் விழும். எனக்கு வேலை வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றுங்கள். துளை பெரிதாகியிருந்தால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மூங்கில் சிலும்பையோ மரப்பசையில் தோய்த்துத் துளையில் இறுக்கி அடித்து, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் திருகாணியை முறுக்கினால் புது மரத்தில் முறுக்குவது போல் பிடிக்கும். மேல்கீலில் மட்டும், நிலைப் பக்கத்துத் திருகாணிகளில் ஒன்றையாவது பழையதைவிட நீளமாக, இரண்டு இரண்டரை அங்குலத்துக்குப் போடுங்கள். நிலையின் நடுமரத்தைப் பிடித்தால் பல வருஷம் அசையாது. கீலின் ஆணியே தேய்ந்து லொடலொடவென்று ஆடினால் எண்ணெய் போட்டுப் பயனில்லை. கீலையே மாற்றுங்கள்.

கீல் இறுக்கமாக இருந்தும் தாழ்ப்பாள் பக்கம் கொஞ்சம் இறங்கியே இருந்தால், கீழ்க்கீலின் நிலைப் பக்கத்துத் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றை வைத்து முறுக்குங்கள். அடிப்பக்கம் சற்று வெளியே தள்ளப்பட்டு, தாழ்ப்பாள் பக்கம் மேலே ஏறும். எங்கள் தோட்டத்து ஆசாரி ஒருவர் சொல்லிக் கொடுத்த வித்தை இது. நான் நம்பவில்லை, செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

கதவு நேரானதும் மீதி இடுக்கைப் பாருங்கள். பக்கங்களில், கதவு போய்ச் சாத்தும் சட்டம் தள்ளியிருந்தால் அதைக் கழற்றிக் கதவோடு ஒட்டினாற்போல் திரும்ப அடியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துச் சாத்தி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள ஓட்டைகளில் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். பஞ்சு, ரப்பர் நுரை, இவையெல்லாம் எலிப் பல்லுக்கு முறுக்கு மாதிரி.

அடிக்கு, பழைய மோட்டார் சைக்கிள் டியூபைக் கதவின் அகலத்துக்கு மூன்று விரல் பட்டையாக வெட்டி, கதவின் வெளிப்பக்கத்தில் தரையை மெல்லத் தொடும்படி வையுங்கள். அதன்மேல் தகரப் பட்டை ஒன்றை வைத்துத் திருகாணி போடுங்கள். தகரம் ரப்பரை மூடி, தரைக்கு மேல் கால் அங்குலத்துக்கும் குறைவாக வந்து நிற்க வேண்டும். வெறும் ரப்பரை எலி ஒரே ராத்திரியில் தின்றுவிடும். தகரம்தான் தடுக்கும், ரப்பர் தண்ணீரையும் பூச்சியையும் தடுக்கும். தகரத்தின் ஓரத்தை மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் கால் கிழியும். ஹார்ட்வேர் கடையில் அலுமினியப் பட்டையோடு ரப்பர் வைத்தது தயாராகக் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான். பிரஷ் வைத்த வகையை எலி உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள்.

பழைய லயங்களில் வாசல் சிமெண்டு நடுவில் தேய்ந்து குழியாக இருக்கும். அங்கே எந்தப் பட்டை போட்டாலும் நடுவில் இடுக்கு நிற்கும். அந்தக் குழியைச் சிமெண்டால் நிரவி, வெளிப்பக்கம் சரிவாக வைத்தால் மழைத்தண்ணீரும் திரும்பி ஓடிவிடும். ஆனால் எலிக்குப் பயந்து பெரிய படியாகக் கட்டிவிடாதீர்கள். ராத்திரியில் கக்கூசுக்குப் போகும் பாட்டி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது எலிக்காய்ச்சலைவிடப் பெரிய துன்பம்.

இரண்டு எச்சரிக்கை. கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே இருக்கும் எலியைப் பொறி வைத்துப் பிடித்துவிடுங்கள். பூட்டிய வீட்டுக்குள் அது மாட்டிக்கொண்டால் சாமி படத்துக்குப் பின்னால் செத்து நாறும். காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு குளோரினுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, துணியையும் எறிந்துவிடுங்கள்.

அடுத்தது, கீழே அடைப்பது போல் மேலே அடைக்காதீர்கள். சுவருக்கு மேலே உள்ள காற்றுத் துவாரம் காற்றுக்காக வைத்தது. விறகடுப்பு, கரியடுப்பு, கொசுவத்தி எரிகிற வீட்டில் காற்று வெளியேற வழி வேண்டும். சயரோகம் உள்ளவர் இருக்கும் வீட்டில் அது இன்னும் முக்கியம். அந்த வழியாக எலி வந்தால் கால் அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத இரும்பு வலை அடியுங்கள். பின்கதவு ஆடுகிறதென்று ஆணி அடித்து நிரந்தரமாக மூடிவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக ஓடுவீர்கள்? அந்த ஆணியை இன்றே பிடுங்குங்கள்.

யார் செலவு?

தோட்டத்து வீடு உங்கள் சொந்த வீடல்ல. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், 446-ஆம் சட்டம் என்று சொல்வார்களே, அதன்படி தொழிலாளர் குடியிருப்பைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. 2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும் இந்தக் கடமை போய்விடவில்லை. திருகாணியும் ரப்பரும் சில வெள்ளியில் முடிந்துவிடும், அதை நாமே செய்துகொள்ளலாம். கதவே உளுத்திருந்தால், நிலை சாய்ந்திருந்தால், வாசல் சிமெண்டு பெயர்ந்திருந்தால் அது ஆபீஸ் செய்ய வேண்டியது.

வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நானே மூன்று முறை வாயால் சொன்னேன், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள். நாலாவது முறை வீட்டு எண், எந்தக் கதவு, இடுக்கு எத்தனை அங்குலம், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதி, தேதி போட்டு, பிரதி ஒன்று வைத்துக்கொண்டேன். சங்கக் கிளைச் செயலாளர் ஒரு பிரதியோடு உடன் வந்தார். அடுத்த மாதமே ஆசாரி வந்துவிட்டார். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போவதைவிட, லயம் முழுவதும் டார்ச் லைட் வைத்துப் பார்த்து ஒரே பட்டியலாகக் கொடுப்பது நல்லது. பட்டியலில் வங்காளதேசத் தம்பிகள், இந்தோனேசியத் தோழர்கள் குடியிருக்கும் அறைகளையும் சேருங்கள். லயத்தில் சுவர் ஒன்று, கூரை ஒன்று, கால்வாய் ஒன்று. கோடி வீட்டில் நுழைந்த எலி கூரை வழியாகப் பத்தாவது வீட்டுக்கும் வரும்.

சொந்தமாகத் தாமான் வீடு வாங்கிக் குடிபோனவர்கள், "எங்க வீடு புதுசு" என்று இருந்துவிட வேண்டாம். புதுக்கதவுதான் முதல் வருஷத்தில் அதிகமாகச் சுருங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மழைக்காலத்திலும் ஒரு வெயில் காலத்திலும், அந்த டார்ச் லைட் சோதனையைச் செய்து பாருங்கள். கீலின் திருகாணிகளை அப்போதே ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள்.

அந்தக் கோடி வீட்டுக் கதவை நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சரிசெய்தோம். அறுத்துவிட்ட அடிக்கு ஒரு மரச்சட்டத்தைப் பசை போட்டு ஒட்டித் திருகாணி அடித்து, அதன்மேல் தகரமும் டியூபும் வைத்தோம். காலையில் தொடங்கிய வேலை, நடுவில் அந்த அம்மா கொடுத்த தேத்தண்ணியோடு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சாக்கைக் கொளுத்திவிட்டோம்.